வலி மருத்துவத்தில் ஃபெலோஷிப் பயிற்சி: குமரி மாவட்ட மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசாரிபள்ளத்திலோ குலசேகரத்திலோ எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு வெளியூரில் மயக்கவியலோ எலும்பியலோ மறுவாழ்வு மருத்துவமோ படித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வரும் இளம் மருத்துவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: “வலி மருத்துவத்தில் ஃபெலோஷிப் செய்ய ஆசை. எங்கே சேரலாம்?” ஃபெலோஷிப் என்பது பட்ட மேற்படிப்புக்குப் பின் ஒரு துறையில் பெறும் சிறப்புப் பயிற்சி. உடனே ஓர் ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பயிற்சி முடிந்தபின் எந்த நோயாளிகளுக்கு எதிரே உட்காரப் போகிறீர்கள் என்பது தெளிவானால்தான் எந்தப் பயிற்சி உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும். ஆகவே இந்த வழிகாட்டி தேர்வு விண்ணப்பத்திலிருந்து தொடங்காமல் நம் மாவட்டத்தின் புறநோயாளிப் பிரிவிலிருந்து தொடங்குகிறது.

முதல் படி: யாருக்காகப் படிக்கிறீர்கள்

விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் விடியுமுன் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி கழுத்திலும் தோளிலும் வலியோடு வருவார். அண்டி ஆபீஸில் பல ஆண்டுகள் குத்தவைத்தே உட்கார்ந்து முந்திரி உடைத்த பெண்மணிக்கு முழங்காலும் நடுவும் சேர்ந்து நோகும். குளச்சல், முட்டம், தூத்தூர்க் கரைகளில் வலை இழுத்தவர்களின் முதுகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர்கள், வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஒரு கட்டு எம்.ஆர்.ஐ. படங்களோடு திரும்பியவர்கள், சர்க்கரை நோயால் பாதம் எரிந்து இரவெல்லாம் உறங்காதவர்கள், அக்கி வந்து போன பின்பும் விலாவில் துணி பட்டால் துடிப்பவர்கள், வெற்றிலை, புகையிலை மென்று வாய்ப் புற்றுநோய் கண்டவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் காத்திருப்பார்கள்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர நினைக்கும் பயிற்சி மையத்தில் இவர்களில் யார் யார் வருகிறார்கள் என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். முதுகுத்தண்டு ஊசிகளை மட்டும் நாள்தோறும் செய்யும் ஒரு மையத்தில் ஓராண்டு இருந்துவிட்டு வருபவருக்கு, மேற்சொன்ன வரிசையில் பாதிப் பேருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டத்தில் வலி என்றால் முதலில் வர்ம ஆசானிடம் போவது பலருக்கு இன்றும் வழக்கம். தடவு, கட்டு, எண்ணெய் எல்லாம் முடிந்து, பிறகு எலும்பு மருத்துவர், பிறகு நரம்பு மருத்துவர், அதன் பிறகே நம்மிடம் வருவார்கள். முன்பு போன இடங்களை ஏளனம் செய்யும் மருத்துவரிடம் நோயாளி உண்மையைச் சொல்ல மாட்டார். என்ன எண்ணெய், எத்தனை நாள் கட்டு, எப்போது குறைந்தது என்பதைப் பொறுமையாகக் கேட்டால் நோயறிதலுக்கான செய்தி அதிலேயே பாதி கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: இந்தத் துறை என்ன என்று தெரிந்துகொள்ளுதல்

உலக வலி ஆய்வுச் சங்கம் 1973ஆம் ஆண்டு ஜான் பொனிகா என்ற மயக்கவியல் மருத்துவரின் முன்முயற்சியால் உருவானது. 1979இல் அது வெளியிட்ட வலியின் வரையறை 2020இல் திருத்தப்பட்டது. திசுக்களுக்கு உண்மையிலேயே நேர்ந்த சேதத்தோடோ நேரக்கூடிய சேதத்தோடோ தொடர்புடைய, அல்லது அத்தகைய தொடர்பை ஒத்த, உடலும் மனமும் சேர்ந்து உணரும் துன்ப அனுபவமே வலி என்பது அதன் சாரம். ‘ஒத்த’ என்ற அந்தச் சொல் மிக முக்கியம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும் வலி வலிதான் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்று வகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியல் அதற்குத் தனிக் குறியீடுகள் தந்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

வலி மருத்துவத்தையும் நோய் ஆதரவு சிகிச்சையையும் ஒன்றெனக் கருதுவது தவறு; இரண்டையும் முற்றிலும் பிரித்துவிடுவதும் தவறு. முன்னது நாட்பட்ட வலியின் காரணத்தைக் கண்டறிந்து, மருந்து, ஊசி, உடற்பயிற்சி, மனநல உதவி ஆகியவற்றைச் சேர்த்து இயக்கத்தை மீட்டெடுக்க முயல்கிறது. பின்னது உயிருக்கு ஆபத்தான நோய் கண்டவரின் வலியோடு மூச்சுத்திணறல், புண், குடும்பத்தின் கலக்கம் என எல்லாவற்றையும் கவனிக்கிறது. புற்றுநோய் வலியில் இரண்டு துறைகளும் சந்திக்கின்றன. குமரியில் பணி செய்ய எண்ணுபவருக்கு இரண்டிலும் கை பழகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: வழிகளை அறிதல்

இந்தியாவில் வலி மருத்துவத்துக்குள் நுழையப் பல வாயில்கள் உள்ளன. அவற்றின் மதிப்பும் காலமும் ஒன்று போல இல்லை.

தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.என்.பி. ஃபெலோஷிப் 2 ஆண்டுகள் முழு நேரப் பயிற்சி. பட்ட மேற்படிப்பை முடித்தவர்கள் ஃபெலோஷிப் நுழைவுத் தேர்வு எழுதி, கலந்தாய்வு மூலம் சேர வேண்டும். எந்தெந்தப் பட்ட மேற்படிப்புகள் தகுதியானவை என்பதும் இடங்களின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். மூத்தவர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஓராண்டை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி பட்ட மேற்படிப்பு மருத்துவ நிறுவனம் நடத்தும் பி.டி.சி.சி. எனப்படும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இரண்டாவது வழி. ரிஷிகேஷ் எய்ம்ஸ் நிறுவனத்தில் உள்ளதைப் போன்ற 3 ஆண்டு டி.எம். என்னும் உயர் சிறப்புப் பட்டம் மூன்றாவது வழி. பேராசிரியராக வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்களுக்கு டி.எம். ஏற்றது. ஊருக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்ப்பதே நோக்கம் என்றால், நன்றாக அமைந்த ஓராண்டு அல்லது ஈராண்டுப் பயிற்சி போதும்.

இவற்றுக்கு அப்பால், இந்திய வலி ஆய்வுச் சங்கத்தின் கல்விப் பிரிவான இந்திய வலி மருத்துவக் கழகத்தின் ஃபெலோஷிப், தனியார் மருத்துவமனைகளும் வலி மையங்களும் தாமே நடத்தும் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரையிலான பயிற்சிகள் ஆகியவை உள்ளன. இவற்றில் மிகச் சிறந்தவையும் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஓரமாக நிறுத்திவைத்து வேடிக்கை பார்க்க விடுபவையும் உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் ஏற்காத படிப்பைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியாது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் பணி வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த வேறுபாடு வாழ்க்கையையே மாற்றிவிடும். சொந்த மருத்துவமனை நடத்தப் போகிறவருக்கு அவ்வளவாக மாற்றாது.

வெளிநாட்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வலி மருத்துவ ஃபெலோஷிப் ஓராண்டு. பொதுவாக அங்கேயே ரெசிடென்சி எனப்படும் பட்ட மேற்படிப்புப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் கதவு திறக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மயக்கவியல் கல்லூரியின் கீழ் 1998இல் வலி மருத்துவத்துக்கெனத் தனிப் புலம் அமைந்தது. அங்குப் பயிற்சி 2 ஆண்டுகள். பிரிட்டனில் அத்தகைய புலம் 2007இல் தொடங்கியது. அங்கே சில காலம் பணியாற்றி அனுபவம் பெற மருத்துவப் பயிற்சி முன்முயற்சித் திட்டம் ஒரு வழி. எஃப்.ஐ.பி.பி. என்பது உலக வலி நிறுவனம் நடத்தும் தேர்வு. அது பயிற்சி அன்று. ஏற்கெனவே பயிற்சி பெற்றவரின் திறனை எழுத்து, வாய்மொழி, செய்முறை ஆகியவற்றால் சோதிப்பது. முதலில் பயிற்சி, பிறகு அந்தத் தேர்வு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பட்ட மேற்படிப்பு படிக்காத எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் மனம் தளர வேண்டாம். மேற்சொன்ன ஃபெலோஷிப்புகள் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரத்தில், டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பின் பயிற்சி நிலையம் இருக்கிறது. வலி நிவாரணத்திலும் நோய் ஆதரவு சிகிச்சையிலும் அங்கே பெறும் சில வாரப் பயிற்சியைக் கொண்டு, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் வலியோடு கிடக்கும் புற்றுநோயாளிகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி பெரிது. ஃபெலோஷிப் செய்யப் போகிறவர்களும் அதற்கு முன்பே இங்கே சென்று வருவது நல்லது என்பேன்.

நான்காம் படி: மையத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மையத்தின் பெயர், கருவிகளின் விலை, சுவரில் மாட்டிய சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடுப்பு எடுத்து, குறைந்தது மூன்று நாள் அங்கே போய் ஒரு மூலையில் நின்று பாருங்கள். அனுமதிக்காத மையத்தை அப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

முதலில், புதிய நோயாளியைப் பரிசோதிப்பது யார் என்று பாருங்கள். ஃபெலோ, அதாவது பயிற்சி பெறுபவர், முதலில் பார்த்து, தன் முடிவைச் சொல்லி, ஆசிரியர் அதைத் திருத்தும் முறை இருந்தால் அது நல்ல மையம். அறுவை அரங்கில் ஏற்கெனவே படுக்கவைத்த நோயாளியின் முதுகை மட்டுமே ஃபெலோ பார்க்கிறார் என்றால் அங்கே கைத்திறன் வளரும், மருத்துவம் வளராது. அடுத்து, ஊசி போட்ட நோயாளி ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து வரும்போது அவரைச் சந்திக்கும் வாய்ப்பு ஃபெலோவுக்கு உண்டா என்று கேளுங்கள். தான் செய்ததன் பலனைப் பார்க்காத மருத்துவர் தன் தவற்றை அறியவே முடியாது.

பிறகு எண்ணிக்கைக்கு வாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் சி-ஆர்ம் (ஊசி செல்லும் இடத்தை உடனுக்குடன் காட்டும் எக்ஸ்ரே கருவி) வலிப் பிரிவுக்கென ஒதுக்கப்படுகிறது, ஒரே நேரத்தில் எத்தனை ஃபெலோக்கள் இருக்கிறார்கள், சென்ற ஆண்டு முடித்தவரின் பதிவேட்டில் அவரே முதன்மையாகச் செய்தவை எத்தனை, உதவியாக நின்றவை எத்தனை என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். முடித்துப் போன ஒருவரிடம் தனியே தொலைபேசியில் பேசுங்கள். இயன்முறை மருத்துவரும் மனநல ஆலோசகரும் அதே கூரையின் கீழ் உள்ளார்களா, புற்றுநோய்ப் பிரிவோடு தொடர்பு உண்டா, அறுவைக்குப் பின்னான கடும் வலியைக் கவனிக்கும் பொறுப்பு வலிப் பிரிவிடம் உள்ளதா என்பவையும் முக்கியம். உதவித்தொகை, விடுதி, விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். அரசுப் பணியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்று, பிணைப்பத்திரக் கால மீதி ஆகியவற்றைக் குறைந்தது ஆறு மாதம் முன்பே சரிசெய்யத் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் படி: சேரும் முன்பான ஆயத்தம்

மூன்று மாதம் போதும். முதுகுத்தண்டின் உடற்கூற்றை மீண்டும் படியுங்கள். ஆனால் இம்முறை எக்ஸ்ரே நிழலாகப் படியுங்கள். எலும்பின் எந்த விளிம்பு எந்தக் கோணத்தில் எப்படித் தெரியும் என்பது மனத்தில் பதிந்துவிட்டால் அரங்கில் சி-ஆர்மைச் சுழற்றும் நேரமும் கதிர்வீச்சும் பாதியாகக் குறையும். 1965இல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த, வலிச் செய்தியை விடவும் தடுக்கவும் கூடிய கதவு தண்டுவடத்தில் உண்டு என்ற ‘கதவுக் கோட்பாடு’ முதல், வலி நீடிக்கும்போது தண்டுவடமும் மூளையும் கூருணர்வு அடையும் விதம் வரை அடிப்படை அறிவியலைத் தேர்வுக்காக அல்லாமல் புரிந்துகொள்வதற்காகப் படியுங்கள். நோயாளிக்கு அதை எளிய தமிழில் சொல்லிக் காட்டும் பயிற்சியும் அதோடு சேரட்டும்.

வலியைக் குறிக்கும் நம் சொற்களையும் சேகரியுங்கள். ஆங்கிலத்தில் படித்த வினாப்பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நம் ஊர் நோயாளியிடம் வேலைக்காகாது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், மதமதப்பு, சுள்ளென்று இழுப்பது, விண்விண்ணென்று தெறிப்பது என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு. எரிச்சலும் மதமதப்பும் கரண்ட் அடித்தாற்போன்ற வெட்டும் நரம்பு வலியைச் சுட்டும். கடுப்பும் உளைச்சலும் பெரும்பாலும் தசையையும் மூட்டையும் சுட்டும். “நடுவுல கொளுத்திப் பிடிச்சுட்டு, நிமிர முடியல்ல டாக்டரே” என்று ஒருவர் சொன்னால் அது திடீரென வந்த தசைப்பிடிப்பு என்று குமரிக்காரருக்குப் புரியும்; சென்னையிலிருந்து வந்தவர் விளக்கம் கேட்பார். பூஜ்யம் முதல் பத்து வரை எண் சொல்லச் சொன்னால் விழிக்கும் பாட்டியிடம், ரூபாய்க்கு எத்தனை அணா குறைந்திருக்கிறது என்று கேளுங்கள். “எட்டணா கொறஞ்சிருக்கு” என்று அவர் சொல்லும் கணக்கு மிகத் துல்லியமாக இருக்கும்.

ஆறாம் படி: பயிற்சிக் காலத்தில் கற்க வேண்டியவை

பயிற்சியின் முதல் மூன்று மாதம் ஊசியைத் தொடாமலே போனாலும் கவலைப்படாதீர்கள். வரலாறு கேட்பது, முழுமையாகப் பரிசோதிப்பது, அபாய அறிகுறிகளைத் தவறவிடாமல் இருப்பது ஆகியவை கைவந்த பிறகே மற்றவை. இரவில் கூடும் முதுகுவலி, காய்ச்சல், எடைக் குறைவு, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், கால் பலம் குறைதல் ஆகியவை காசநோய், புற்றுநோய், நரம்பு நெருக்கம் என எதையும் மறைத்து வைத்திருக்கலாம்.

பயிற்சி முடித்து ஊர் திரும்பிய முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலியோடு வந்தார். எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்து வட்டு பிதுங்கியிருந்தது. படமும் வலியும் பொருந்துவதாக நானே முடிவு செய்து இரண்டு முறை எபிடியூரல் ஊசி, அதாவது தண்டுவட உறையை ஒட்டிய இடத்தில் ஸ்டீராய்டு ஊசி, போட்டேன். ஒவ்வொரு முறையும் பத்து நாள் குறைந்து, மீண்டும் வந்தது. மூன்றாம் முறை அவர் சட்டையைக் கழற்றச் சிரமப்பட்டபோதுதான் அவருடைய தோளை நான் ஒருமுறைகூட அசைத்துப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. கையை வெளிப்புறமாகத் திருப்பவே முடியவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் தோள் மூட்டு இறுக்கம் அது. மூட்டில் ஓர் ஊசியும் ஆறு வார உடற்பயிற்சியும் அவரை மீண்டும் மரத்தடிக்கு அனுப்பின. போட்டிருக்கவே வேண்டாத இரண்டு ஸ்டீராய்டு ஊசிகளால் அவருடைய சர்க்கரை பல நாள் எகிறியதற்கு நானே பொறுப்பு. அன்றிலிருந்து, பரிசோதித்து முடிக்கும் வரை படத்தை உறையிலிருந்து எடுப்பதில்லை.

மருந்துகளைப் பற்றிய அறிவு ஊசியைவிட அதிக நோயாளிகளுக்குப் பயன்படும். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராமிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றுவது, பிரிகாபாலின் அளவைச் சிறுநீரகத் திறனுக்கு ஏற்பக் குறைப்பது, கார்பமசெபின் எடுப்பவரின் சோடியத்தைக் கவனிப்பது, மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கிய வலிநிவாரணி மாத்திரைகளால் சிறுநீரகம் கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை அன்றாட வேலை. மார்ஃபினைப் பற்றிய அச்சத்தையும் அசட்டையையும் ஒருசேரக் கைவிடப் பயிற்சிக் காலத்திலேயே பழக வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட மருந்துகள் இன்றியமையாத போதை மருந்துகள் என அறிவிக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அவற்றை இருப்பு வைக்கலாம். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் அங்கே பொறுப்பில் இருக்க வேண்டும். டிராமடோலும் 2018 முதல் அதே சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டது. பதிவேடு எழுதும் முறையைப் பயிற்சி மையத்தின் மருந்தகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பின்னால் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதன் அருமை தெரியும்.

இனி ஊசிகளுக்கு வருவோம். எண்ணிக்கையைவிடத் தர்க்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, இடுப்பு முதுகெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் ஃபேசட் என்ற சிறு மூட்டுதான் வலிக்கிறது என்று எந்தப் படமும் உறுதி சொல்லாது. அந்த மூட்டுக்குச் செல்லும் சிறு நரம்புக் கிளைகளை மிகக் குறைந்த அளவு மரப்பு மருந்தால் மரக்கச் செய்து, வலி எவ்வளவு குறைகிறது, மருந்தின் ஆற்றல் நீடிக்கும் நேரத்தோடு அது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே, அந்தக் கிளைகளை ரேடியோ அலை வெப்பத்தால் சுடும் முடிவுக்கு வர வேண்டும். சுடும்போது 50 ஹெர்ட்சில் உணர்ச்சியையும் 2 ஹெர்ட்சில் தசை அசைவையும் சோதித்து, காலுக்குப் போகும் நரம்பு அருகில் இல்லை என்று உறுதி செய்து, 80 டிகிரி செல்சியசில் ஒன்று, ஒன்றரை நிமிடம் வைப்பது வழக்கம். வழக்கமான ஊசியின் வெப்பம் அதன் பக்கவாட்டில்தான் பரவும், நுனிக்கு முன்னால் மிகக் குறைவு. ஆகவே ஊசி நரம்பை ஒட்டி இணையாகக் கிடக்க வேண்டும். செங்குத்தாக இறக்கிச் சுட்டுவிட்டு, பலனில்லை என்று சிகிச்சையின் மேல் பழி போடுபவர்கள் இந்த ஒரு நுணுக்கத்தைத் தவறவிட்டவர்கள். நரம்பு மீண்டும் வளரும். பல மாதங்கள் கழித்து வலி திரும்பலாம் என்பதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த மாதங்களில் அவர் முதுகுத் தசைகளை வலுப்படுத்திக்கொள்ளாவிட்டால் நாம் செய்தது வெறும் தவணை நீட்டிப்பு.

கணையப் புற்றுநோய் வலிக்கு மேல்வயிற்றிலுள்ள சீலியாக் நரம்புப் பின்னலில் ஆல்கஹால் செலுத்துவது, முகத்தில் மின்னல் போல வெட்டும் முக்கிளை நரம்பு வலிக்கான சிகிச்சை, அடிவயிற்றுப் புற்றுநோய் வலிக்கான நரம்புப் பின்னல் ஊசி ஆகிய மூன்றையும் நம் மாவட்டத்துக்குத் திரும்புபவர் கற்றிருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். நெய்யூரில் நீண்ட காலமாகப் புற்றுநோயாளிகள் சிகிச்சைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல் அந்தப் பயணம் முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்து, அங்குள்ள மிஷன் மருத்துவமனையில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டன் வாய்ப்புகளை விட்டு இங்கேயே பணியாற்றினார். அந்த மண்ணில் இன்று புற்றுநோய் வலிக்காக ஒருவர் ஓர் ஊசிக்குத் திருவனந்தபுரம் வரை வண்டி பிடிக்க வேண்டியிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தண்டுவட மின்தூண்டி, உடலுக்குள் பதிக்கும் மருந்துப் பம்பு ஆகியவற்றை அறிந்து வைத்திருந்தால் போதும். அவற்றின் செலவைத் தாங்கக்கூடியவர்கள் இங்கே மிகச் சிலர்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. கழுத்து நரம்பு வேர் அருகே துகள்கள் உள்ள ஸ்டீராய்டு தமனிக்குள் சென்றால் தண்டுவடமோ மூளையோ நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்; எபிடியூரல் ஸ்டீராய்டின் அரிதான, கடும் விளைவுகள் குறித்து அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்திருக்கிறது. அத்தகைய இடத்தில் துகளற்ற டெக்சாமெதசோனையே பயன்படுத்துங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஆழமான ஊசி என்றால் பொதுவாக 7 நாள் நிறுத்த வேண்டியிருக்கும். இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. மரப்பு மருந்து நஞ்சாகும் அவசர நிலைக்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அரங்கிலேயே இருக்க வேண்டும். முதல் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் உடலையும் காத்துக்கொள்ளுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு வகுத்த கதிர்வீச்சு வரம்பு 5 ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. கதிர்வீச்சு அளவி பட்டையை அணியாமல் பயிற்சி தரும் மையம் உங்கள் எதிர்காலத்தை மதிக்கவில்லை என்று பொருள்.

ஏழாம் படி: பதிவேடு

ஒவ்வொரு நோயாளிக்கும் நீங்கள் செய்தது, எதற்காகச் செய்தது, மூன்று மாதம் கழித்து நிலை என்ன என்ற மூன்று பத்திகள் போதும். பெயரை எழுதாதீர்கள். செய்யாமல் திருப்பி அனுப்பிய நோயாளிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டு முடிவில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், உங்கள் பயிற்சியில் ஏதோ குறை இருக்கிறது.

எட்டாம் படி: ஊர் திரும்பித் தொடங்குதல்

முதல் நாளிலேயே சொந்தமாகச் சி-ஆர்மும் ரேடியோ அலைக் கருவியும் வாங்கிக் கடனில் மூழ்காதீர்கள். கடன் கட்ட வேண்டிய கை தேவையற்ற ஊசியைத் தேடும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எலும்பியல் அரங்கு உள்ள மருத்துவமனை ஒன்றில் வாரம் இரண்டு நாள் சி-ஆர்மைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டோடு தொடங்குவது நல்லது. அல்ட்ராசவுண்ட் கருவி மட்டும் விரைவில் தேவைப்படும். நரம்பைப் பார்க்க மட்டுமே பயன்படுத்தினாலும், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவின்றிக் கருவியை வாங்கி வைப்பதே குற்றமாகும். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், மருத்துவமனைக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவும் தேவை.

நோயாளிகளை அனுப்பப் போகிறவர்கள் சக மருத்துவர்கள். தக்கலை, குழித்துறை, கருங்கல், பூதப்பாண்டி என ஊர் ஊராகச் சென்று பொது மருத்துவர்களைச் சந்தித்து, எத்தகைய நோயாளியை எப்போது அனுப்பலாம் என்று பேசுங்கள். அனுப்பியவருக்கு, பார்த்த அன்றே ஒரு பக்கக் கடிதம் எழுதி, நோயாளியைத் திரும்ப அவரிடமே அனுப்புங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த மார்ஃபின் அளவு சரியாக இருக்கிறதா, மலச்சிக்கலுக்கான மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறதா என்று மலையோரக் குடியிருப்பிலும் கடலோரக் குடியிருப்பிலும் போய்ப் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களோடு நட்பு கொள்ளாத வலி மருத்துவரால் நோயாளியின் வீட்டுக்குள் நடப்பதை ஒருபோதும் அறிய முடியாது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், அதுவும் படித்தால் புரியும் தமிழில். என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நாள் பலன் இருக்கலாம், பலனே இல்லாமலும் போகலாம், என்னென்ன கேடு நேரலாம், ஊசி வேண்டாம் என்றால் வேறு என்ன வழி என்ற ஐந்து செய்திகளும் அதில் இருக்க வேண்டும். கடைசிச் செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் மேசையில் அந்தப் படிவத்தைப் படித்துவிட்டு, “அப்பம் ஊசி இப்ப வேண்டாம் டாக்டரே, பயிற்சி செஞ்சு பாக்கியேன்” என்று எழுந்து போன ஓர் அண்டி ஆபீஸ்க்கார அம்மா, நான்கு மாதம் கழித்துத் தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். வாசல் படியை இருவரும் கைப்பிடி பிடிக்காமல் ஏறினார்கள்.